தினம் இருபது ஆங்கிலச் சொல் படித்தும் விருந்தினர் முன்னால் வாய் திறக்கவில்லையே?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு 36 வயது. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வாசகியின் அப்பா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர், டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்த வாசகி பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தார். இப்போது ஒரு ஹோம்ஸ்டேயில் சமையலும் அறைப் பராமரிப்பும் அவர் பொறுப்பு. முதலாளிக்கு அவர்மேல் நல்ல நம்பிக்கை. வரும் ஏப்ரல் சீசனிலிருந்து ரிசப்ஷனில் உட்காரச் சொல்லியிருக்கிறார், சம்பளமும் கூடும். "இங்கிலீஷ் வரணும். வரலேன்னா குன்னூர்ல இருந்து ஒரு டிகிரி படிச்ச பொண்ணைப் போட்டுடுவேன்" என்பது நிபந்தனை.

வாசகி 5,000 சொற்கள் உள்ள புத்தகம் ஒன்று வாங்கி, தினம் இருபது சொல்லை எழுதி எழுதிப் படிக்கிறார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் முக்கால்வாசி காணோம். "90 நாளில் சரளமான ஆங்கிலம், இல்லையேல் பணம் வாபஸ்" என்ற விளம்பரத்தை நம்பி, கோயம்புத்தூரில் இயங்கும் ஓர் ஆன்லைன் வகுப்புக்கு 9,000 ரூபாய் கட்டியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு சொல்பட்டியல் வருகிறது, வேறொன்றும் வரவில்லை. மீதி 6,000 ரூபாயைக் கட்டாவிட்டால் போலீஸில் புகார் கொடுப்போம் என்று மிரட்டல் வேறு. மகள் ஏழாம் வகுப்பு, ஆங்கிலவழி. "இனி வீட்டில் தமிழே பேசக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார். "எனக்கு ஞாபக சக்தி குறைவோ? இந்த வயசுக்கு மேல் ஏறாதோ?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். போன சீசனில் வந்த குடும்பங்களில் யாருக்குப் பூண்டு ஆகாது, யார் சர்க்கரை இல்லாத டீ கேட்பார் என்பதெல்லாம் உங்களுக்கு நினைவிருப்பதாக அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஞாபக சக்தி குறைந்தவர் எழுதும் கடிதமா இது? குழந்தையில் கற்றவரைப் போன்ற உச்சரிப்பு 36 வயதில் வருவது கடினம், உண்மைதான். சொல் சேர்ப்பதற்கு அப்படியொரு வயது வரம்பு கிடையாது. தவறு நீங்கள் படிக்கும் பட்டியலிலும் படிக்கும் முறையிலும் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தை அலமாரியில் வையுங்கள்

ஒரு நாள் பாடத்தை அப்படியே எழுதி அனுப்பியிருந்தீர்கள்: அபேண்டன், அபேட், அப்டக்ட், அப்ஹார், அபாலிஷ். அகர வரிசையில் வருவதால் ஒன்றாக வந்து உட்கார்ந்திருக்கின்றன, அவற்றுக்குள் வேறு உறவில்லை. சூட்கேஸோடு வந்து நிற்கும் எந்த விருந்தினர் உங்களிடம் 'அப்ஹார்' என்று சொல்லப் போகிறார்?

எந்தச் சொல் அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது ஆங்கிலம் கற்பிப்பவர்களின் பழைய வழக்கம். மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953இல் சுமார் 2,000 சொற்களைக் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் வங்காளத்தில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்தவர். நம்மைப் போன்ற மாணவர்களை வைத்து யோசித்த ஆள். அதைப் புதுப்பித்து 2013இல் வேறொரு குழு கொண்டுவந்த பட்டியலில் சுமார் 2,800 சொற்கள். பொதுவான ஆங்கில எழுத்தில் 92 சதவீதம் அதற்குள் அடங்கிவிடுகிறது. அதே குழுவினர் பேச்சுக்கென்று தனியாகத் தொகுத்த பட்டியலில் 700க்குச் சற்று மேல்தான் இருக்கின்றன. அன்றாடப் பேச்சில் 90 சதவீதத்துக்கு அவையே போதும்.

இந்த 90 என்ற எண்ணைக் காட்டித்தான் பல வகுப்புகள் வியாபாரம் செய்கின்றன, அதனால் ஓர் எச்சரிக்கை. பத்துச் சொல்லில் ஒன்பது தெரிந்தால் பேச்சில் 90 சதவீதம் புரிந்துவிடும் என்று அர்த்தமில்லை. தெரியாத அந்த ஒன்றில்தான் பெரும்பாலும் விஷயமே இருக்கும். விருந்தினர் மூச்சுவிடாமல் பேசியதில் உங்களுக்குப் புரியாமல்போனது 'அலர்ஜி' என்ற ஒரே சொல்லாக இருந்தால், சமையல்கட்டில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே இரண்டு வேண்டும்: எல்லாரும் எப்போதும் புழங்கும் அந்த எழுநூறு, அதற்குமேல் உங்கள் வேலைக்கே உரிய சில நூறு. இரண்டாவது பட்டியல் எந்தக் கடையிலும் கிடைக்காது. நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஏற்கெனவே கையில் இருப்பது

உங்கள் கடிதம் தமிழில்தான் இருக்கிறது. ஆனாலும் அதில் கீசர், பிளாங்கெட், ஹீட்டர், அட்வான்ஸ், பேலன்ஸ், எக்ஸ்ட்ரா பெட், இன்வெர்ட்டர், கேன்சல் எல்லாம் வருகின்றன. லைனில் வளர்ந்தபோதே மஸ்டர், ஃபீல்டு, ஃபேக்டரி, போனஸ் உங்கள் காதில் விழுந்தவை. பூஜ்யத்திலிருந்து தொடங்குவதாக நினைக்காதீர்கள். ஒரு மாலை உட்கார்ந்து, தமிழ் பேசும்போதே நீங்கள் சொல்லும் ஆங்கிலச் சொற்களை எழுதிப் பாருங்கள். நோட்டில் சில பக்கங்கள் நிரம்பும்.

சிலவற்றுக்கு மட்டும் நம் ஊரில் பொருள் நகர்ந்திருக்கிறது. சாப்பிடும் இடத்தை நாம் ஹோட்டல் என்கிறோம். வெளிநாட்டுக்காரருக்கு அது தங்கும் இடம் மட்டுமே. அவரிடம் 'ரெஸ்டாரன்ட்' என்று சொல்லுங்கள். பார்சல் என்றால் அவருக்குத் தபாலில் வருவது. சாப்பாட்டைக் கட்டிக்கொடுப்பது லண்டன்காரருக்கு 'டேக்அவே'. 'கரண்ட் போயிருச்சு' என்பதற்கு 'பவர் இஸ் அவுட்'. பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வருகிறவர்களுக்கு நம் ஹோட்டலும் பார்சலும் நன்றாகவே புரியும். உங்கள் விருந்தினரில் பெரும்பாலோர் அவர்கள்தான் என்கிறீர்கள், அதனால் இந்தத் திருத்தங்களுக்கு அவசரமில்லை.

விருந்தினர் கேட்பதை எழுதிவையுங்கள்

சின்ன நோட்டு ஒன்று ஏப்ரன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். விருந்தினர் கேட்டதில் உங்களுக்குப் புரியாததையும், நீங்கள் சொல்ல நினைத்து முடியாமல்போனதையும் அன்றன்றைக்கே தமிழில் குறித்துவையுங்கள். ஒரு மாதம் எழுதினால், அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன என்று தெரியும். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? இங்கிருந்து பொம்மை ரயிலில் ஏற முடியுமா? வண்டிக்கு இ-பாஸ் வேண்டுமா? பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஏன் கிடைக்கவில்லை? ராத்திரி வெளியே நடந்து வரலாமா?

இவற்றுக்குத் தனித்தனிச் சொல்லாகப் படிக்காமல் முழு வாக்கியமாகவே பதிலைத் தயார் செய்யுங்கள். 'ஹாட் வாட்டர் இஸ் அவைலபிள் ஃப்ரம் சிக்ஸ் டு நைன்.' 'யூ கேன் கெட் தி ட்ரெயின் அட் குன்னூர்.' 'ப்ளீஸ் டோன்ட் வாக் அவுட்சைட் ஆஃப்டர் டார்க்.' கரடிக்கும் காட்டெருமைக்கும் பேர் தெரியாமல் இந்தக் கடைசி வாக்கியத்தை எந்த விருந்தினரும் மதிக்க மாட்டார், அதனால் அந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரடி 'பேர்'. காட்டெருமைக்குச் சரியான பெயர் 'கௌர்'. சுற்றுலா வருகிறவர்கள் 'பைசன்' என்றே சொல்வார்கள், சண்டை போட வேண்டாம். இ-பாஸ் பற்றி 2024 மே மாதத்திலிருந்து எல்லா விடுதியிலும் கேட்கிறார்கள். அதற்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி மேசையிலேயே ஒட்டிவைத்துவிடலாம். பார்த்துப் படிப்பதில் வெட்கம் என்ன?

வாக்கியமாகப் படிப்பதில் இன்னொரு லாபம், எந்தச் சொல்லுக்கு எது ஜோடி என்பது தானாக வந்துவிடும். மழைக்கு 'ஹெவி ரெயின்', தேநீருக்கு 'ஸ்ட்ராங் டீ'. மாற்றிப்போட்டால் இலக்கணம் சரியாக இருந்தாலும் காதுக்கு இடிக்கும். இதற்கெல்லாம் விதி சொல்ல முடியாது, ஜோடியாகவே கேட்டுப் பழக வேண்டியதுதான்.

கெட், டேக், புட், டர்ன், ரன் போன்ற குட்டிச் சொற்களை யாரும் மதிப்பதில்லை. உங்கள் புத்தகம் அவற்றை முதல் அத்தியாயத்திலேயே ஒரு வரியில் முடித்துவிட்டிருக்கும். ஆனால் பேச்சு ஓடுவது இவற்றின் மேல்தான். பால் தீர்ந்துவிட்டது: 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்.' குளிக்கக் கால் மணி முன்னால் கீசரைப் போடுங்கள்: 'டர்ன் ஆன் தி கீசர் ஃபிஃப்டீன் மினிட்ஸ் பிஃபோர்.' ஸ்டாண்டிலிருந்து வண்டியில் கூட்டிவருவது 'பிக் அப்', கொண்டுபோய் விடுவது 'டிராப் ஆஃப்'. 'அபேட்' இருக்கும் பக்கத்தில் செலவிட்ட நேரத்தை 'டர்ன்' என்ற ஒன்றுக்குக் கொடுங்கள்: ஆன், ஆஃப், லெஃப்ட், ரைட், அப், டவுன், ஒவ்வொன்றோடும் ஒரு வாக்கியம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கற்க வேண்டியவை மாட்டிக்கொண்டால் தப்பிக்கும் வாக்கியங்கள். 'குட் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்?' 'எ லிட்டில் ஸ்லோலி, ப்ளீஸ்.' 'லெட் மீ செக் அண்ட் டெல் யூ.' இந்த மூன்றும் தூக்கத்திலும் வர வேண்டும். சொல் மறந்தால் பொருளைச் சுற்றிச் சொல்லவும் பழகுங்கள். 'டார்ச்' மறந்துவிட்டதா, 'தி லைட் வீ கேரி அட் நைட்' என்று சொன்னால் போதும். நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். தயங்காமல் செய்வதால் நமக்குத் தெரிவதில்லை.

தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பதன் ஆபத்து

நான் இங்கே எல்லா ஆங்கிலச் சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். படித்துப் புரிந்துகொள்ள இது போதும், உச்சரிக்கக் கற்க இது போதாது. பேக் என்று எழுதினால் விருந்தினரின் பையும் பேக், பின்பக்கமும் பேக், மூட்டை கட்டுவதும் பேக். மூன்றும் ஆங்கிலத்தில் வேறு வேறு ஒலி. கைபேசி அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் சொல்லிக் காட்டும். கேட்டு, கூடவே மூன்று முறை சொல்லிவிட்டு, பிறகு எழுதுங்கள். தமிழ் உச்சரிப்புச் சாயல் இருப்பது ஒரு குறையே இல்லை. பைக்கும் பின்பக்கத்துக்கும் வித்தியாசம் கேட்டால் போதும்.

மறப்பதைப் பற்றி

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று 1885இல் எழுதினார். முதல் ஒரு நாளுக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் தங்குகிறது. உங்கள் முக்கால்வாசி மறதி அவருக்கும் இருந்ததுதான். நீங்கள் தினமும் புதிதாக இருபது படிக்கிறீர்கள், பழையதைத் திரும்பப் பார்ப்பதில்லை. எழுதி எழுதிப் படிப்பதால் கைக்குத்தான் பழக்கம் வருகிறது. விருந்தினர் முன்னால் வேண்டியது வாய்.

இப்படிச் செய்து பாருங்கள். அட்டைத் துண்டுகளில் ஒரு பக்கம் தமிழில் சந்தர்ப்பத்தை எழுதுங்கள் ("பால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல"), மறுபக்கம் ஆங்கில வாக்கியம். தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை உரக்கச் சொன்ன பிறகே திருப்பிப் பார்க்க வேண்டும். பெட்டியை ஐந்து தடுப்பாகப் பிரியுங்கள். முதல் தடுப்பு தினமும், இரண்டாவது இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது நான்கு நாளுக்கு ஒருமுறை, அடுத்தது வாரம், கடைசி மாதம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும்; தப்பினால் மறுபடி முதல் தடுப்புக்கு வரும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய முறை இது. கைபேசியில் வேண்டுமானால் ஆங்கிட்ராய்டு என்ற இலவசச் செயலி இதே வேலையைச் செய்யும். வேலைக்கு நடுவே அட்டையை எடுத்து அடுப்பு மேடையில் சாத்திவைப்பது எனக்கென்னவோ இன்னும் சௌகரியமாகப் படுகிறது.

புதிதாக ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். ஏப்ரலுக்கு நான்கு மாதம் இருக்கிறது; நாள் தவறினாலும் ஐந்நூறைத் தொட்டுவிடலாம். ஒன்று போலிருப்பவற்றை ஒரே நாளில் எடுக்காதீர்கள். கடன் வாங்குவது 'பாரோ', கொடுப்பது 'லெண்ட்'. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் வருடக்கணக்கில் மாற்றி மாற்றிச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று நன்றாகத் தங்கிய பிறகு அடுத்தது. எதிர்ச்சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடும் புத்தகங்கள் இந்த விஷயத்தில் கெடுதலே செய்கின்றன.

வீட்டில் தமிழை நிறுத்த வேண்டாம்

"ஆங்கிலத்திலேயே யோசி, தமிழில் அர்த்தம் பார்க்காதே" என்று அந்த வகுப்பில் சொன்னார்களாம். தொடக்கத்தில் இருப்பவருக்குத் தாய்மொழியில் பொருள் தெரிந்துகொள்வது வேகமான வழி. அட்டையில் தமிழ் இருப்பதும் அதனால்தான். உங்கள் மகளிடம் நீங்கள் கோபிப்பது, கொஞ்சுவது, பள்ளியில் நடந்ததைக் கேட்பது எல்லாம் உங்களுக்கு முழுசாக வரும் மொழியில் நடக்கட்டும். உடைந்த ஆங்கிலத்தில் பேசி அவளுக்கும் லாபமில்லை, உங்களுக்கும் பேச்சே குறைந்துவிடும்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் அவள் விருந்தினர், நீங்கள் ரிசப்ஷன். கொஞ்சம் குறும்பான விருந்தினராகவே இருக்கட்டும்: வெந்நீர் வரவில்லை, போர்வை நாறுகிறது, பில் தப்பு. அவள் சிரிக்கிறாள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சிரிக்காமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் பிறர் முன்னால் திருத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டுவிடுங்கள்.

ஆங்கிலச் செய்தி சேனல் பார்ப்பதை விடலாம். பொழுதுபோகப் பார்த்தால் சரி, பாடமாக நினைத்து உட்கார வேண்டாம். பால் நேஷன் என்ற அறிஞர் 2006இல் கணக்கிட்டபடி, யார் உதவியும் இல்லாமல் பேச்சைப் பின்தொடர 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்கள் தேவை (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). இப்போதைக்குப் பிபிசி லேர்னிங் இங்கிலீஷ், பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலீஷ் ஆகியவற்றில் தொடக்க நிலைக்கான சின்னச் சின்ன ஒலிப்பதிவுகள் இலவசமாகவே இருக்கின்றன. ஒன்றையே ஒரு வாரம் கேளுங்கள்.

முதலாளியிடம்

யாரை ரிசப்ஷனில் உட்கார வைப்பது என்பது அவர் முடிவு; அதில் உங்களுக்குச் சட்ட உரிமை என்று எதுவும் இல்லை. ஆனால் கேட்க உரிமை உண்டு. ஏப்ரல் கூட்டத்தில் முதல்முறை உட்காருவதைவிட, ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கூட்டம் குறைந்த வாரநாட்களில் ஒன்றிரண்டு செக்-இன் மட்டும் செய்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். சரிவராவிட்டால் பழைய வேலைக்கே அதே சம்பளத்தில் திரும்பலாமா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். அவர் தயங்கினால், கூடுதல் சம்பளத்தை நம்பிப் புதுக் கடன் எதுவும் வாங்காதீர்கள்.

கட்டிய பணம், கட்டாத பணம்

நான் மொழிப் பயிற்சியாளர், வழக்கறிஞர் இல்லை. பயிற்சிக்கு வருகிறவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுவதால் அடிப்படை விஷயங்கள் தெரியும்.

முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 6,000 ரூபாய் வகுப்புக்காரருக்குத் தர வேண்டியதா, அல்லது உங்கள் பெயரில் ஒரு கடன் நிறுவனத்தில் போட்ட இ.எம்.ஐ.யா? செயலியில் ஆதார், பான் கேட்டு 'அக்ரீ' அழுத்தச் சொன்னார்கள் என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன். கடன் என்றால் சும்மா நிறுத்துவது உங்கள் சிபில் மதிப்பெண்ணை, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் எண்ணை, பாதிக்கும்; நிறுவனத்துக்கு எழுதித் தகராறு இருப்பதைப் பதிவுசெய்ய வேண்டும். காசோலை கொடுத்திருந்தாலும் சொல்லுங்கள், அது திரும்பினால் தனி வழக்கு. இரண்டும் இல்லை, வெறும் தவணைதான் என்றால் அது உரிமையியல் (சிவில்) விவகாரம். கட்டவில்லை என்பதற்காக மட்டும் உங்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகாது.

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், யு.பி.ஐ. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், மிரட்டல் குரல்பதிவு எதையும் அழிக்காதீர்கள். சொன்ன வகுப்பு நடக்கவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று மின்னஞ்சலும் பதிவு அஞ்சலும் அனுப்புங்கள். தமிழில் எழுதினால் போதும். பதிலில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வகுப்பு கோவையில் இருப்பதால் அங்கே போய் அலைய வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஊட்டியிலேயே, புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. வேண்டுமென்றால், பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, 15100க்கு அழைக்கலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும்.

முழுப் பணமும் வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். சிறு எழுத்தில் "100 சதவீத வருகை" போன்ற நிபந்தனை இருந்தால் அதைக் காட்டி இழுத்தடிப்பார்கள், பாதியோடு சமரசத்துக்கு வருவார்கள். கிடைக்கும் தொகை நியாயமாகப் பட்டால் எழுதி வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். ஆணையத்துக்கு அலையும் நாட்களில் உங்கள் கூலியும் போகிறது. மீதி 6,000 விஷயத்தில் மட்டும், அது கடனா தவணையா என்று தெரியும்வரை ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். 'அக்ரீ' அழுத்திய பக்கத்தின் படம் இருந்தால் அனுப்பிவையுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஆதார் எண்ணை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.